பெர்லினில் முதல் மாத அறை: முகவரிப் பதிவைக் கவனியுங்கள்

மலிவாக ஓர் அறை கிடைத்திருக்கிறது, ஆனால் அங்கே முகவரிப் பதிவு செய்ய முடியாதாம், எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது 'அன்மெல்டுங்' என்கிற அந்த முகவரிப் பதிவைச் செய்ய முடிகிற இடமாகப் பிடியுங்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு, நீங்கள் அங்கே குடிவந்ததை உறுதி செய்து வீட்டுக்காரர் தரும் படிவம் தேவை. பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும்.

அப்புறம், போன அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். அங்கே அடுக்ககங்களில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். நான் ஒட்டாமல் விட்டதில் வங்கி அட்டை திரும்பிப் போய், மூன்று வாரம் அல்லாடினேன்.

முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகைக்கு (சூடேற்றல் போன்ற கூடுதல் செலவுகள் சேராத வாடகை) மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. வீட்டைக் காட்டாமலே பணம் அனுப்பச் சொன்னால், தயவுசெய்து அனுப்பாதீர்கள்.