டைட்டானிக் மாதிரி: ஒரே கட்டையில் குடைய வேண்டாம்

கேள்வி: டைட்டானிக் கப்பலை 1/350 அளவில் மரத்தில் செய்கிறேன். வெட்டி ஒரு மாதமே ஆன வேப்பங்கட்டையில் உடலைச் செதுக்கி முடித்தேன். சோளகம் (வறண்ட தென்மேற்குக் காற்று) தொடங்கியதும் அணியத்தில் (முன்பகுதியில்) இருந்து நடுப்பகுதி வரை வெடித்துவிட்டது. புட்டி வைத்து மூடலாமா?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: வேண்டாம். மாரியில் மரம் ஈரம் குடித்து உப்பும்போது அந்தப் புட்டி பிதுங்கி வரும். அடுத்த சோளகத்தில் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விழும். பச்சை மரத்தின் வெளிப்பக்கம் காற்றில் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே ஈரம் அப்படியே இருப்பதால் நடு மரம் சுருங்குவதில்லை. அந்த இழுவையில்தான் கட்டை வெடித்தது. உங்கள் செதுக்கலில் பிழை இல்லை.

பலகைகளை அடுக்கி ஒட்டுங்கள். மரக்காலையில் நன்கு காய்ந்த மலைவேம்புப் பலகை கிடைத்தால் நல்லது. இலேசானது, உளிக்கு இணங்கும். முதிரையைக் கப்பலை நிறுத்தும் பீடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலகைகளுக்கு இடையில் குச்சி வைத்து, நிழலில் சில வாரம் விட்டபின் வேலையைத் தொடங்குங்கள்.

உண்மைக் கப்பல் 269 மீற்றர் நீளம், 28 மீற்றர் அகலம். உங்கள் அளவில் 77 சென்ரிமீற்றரும் 8 சென்ரிமீற்றரும் வரும். நீருக்குள் அமிழ்ந்த ஆழம் 10.5 மீற்றர், அதாவது 3 சென்ரிமீற்றர். ஆகவே 1 சென்ரிமீற்றர் தடிப்புப் பலகை எடுத்தால், கீழிருந்து மூன்றாவது பலகையின் மேல் ஒட்டே நீர்மட்டக் கோடாகிவிடும். அடியின் சிவப்பு நிறமும் மேலே உள்ள கறுப்பும் எங்கே பிரியும் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

ஒவ்வொரு மட்டத்தின் வெளிக்கோட்டையும் வரைபடத்தில் இருந்து பலகைக்கு மாற்றி வெட்டுங்கள். ஒட்டுவதற்கு முன்பே நடுவைக் குடைந்து எடுத்துவிடுங்கள். அடிப்பலகையை மட்டும் முழுதாக விடுங்கள். குடையும்போது, கீழ்ப்பலகை குறுகும் அணியத்திலும் கடையாலிலும் (பின்பகுதியிலும்) கூடுதல் மரம் விட வேண்டும். பலகைகளை ஒட்டிய பிறகு, விளிம்புகளில் நிற்கும் படிகளைச் சீவுளியால் சீவும்போது ஒட்டுக் கோடுகளைப் பாருங்கள். இரு பக்கமும் அவை ஒரே மாதிரி வளைந்து போனால் உடல் சரி. ஒரு பக்கக் கோடு விலகினால், அங்கே கூடச் சீவிவிட்டீர்கள். இந்த முறையை நான் விரும்புவதே இதற்காகத்தான்; ஒரே கட்டையில் இப்படி வழிகாட்டக் கோடே இருக்காது.

வார்னிஷை உள்ளும் புறமும் பூசுங்கள். வெளியே மட்டும் பூசினால் உடல் கோணும்.

சரி, வெடித்த கட்டையை எறிந்துவிடாதீர்கள். வெடிப்பு விழாத கடையால் வளைவு வரைபடத்தோடு பொருந்தினால், அதில் அட்டை அச்சு வெட்டி எடுத்துப் புதிய உடலுக்குப் பயன்படுத்தலாம்.