ஹேர்ட்டன் எங்கே?

அன்புள்ள ஐயா,

1939இல் வில்லியம் வைலர் எடுத்த ‘வுதரிங் ஹைட்ஸ்’ படம் பார்த்துவிட்டு, எமிலி ப்ராண்டேயின் நாவலை இரவில் வேலை முடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். நாயகி கேத்தரின் இறந்தபின் கதை இழுக்கிறது. படம் அவளோடு முடிவதே சரி. பதினொன்றாவது படிக்கும் மகளுக்குப் படம் மட்டும் காட்டினால் போதுமா?

கே.

அன்புள்ள கே,

வேலைக் களைப்போடு உட்கார்ந்து அந்த நாவலை முடித்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைப் பிடித்துப்போகிறது. ஆனால் ‘இழுக்கிறது’ என்று எழுத எப்படி மனம் வந்தது?

கேத்தரினின் காதலன் ஹீத்கிளிஃபாக ஒலிவியர் நடிப்பு, டோலண்டின் ஒளிப்பதிவு எல்லாம் அபாரம், சரி. கடைசியில் பனியில் ஆவிகள் நடப்பது தயாரிப்பாளர் கோல்ட்வின் பிடிவாதம், அதை விடுங்கள். நாவலில் 34 அத்தியாயம். கேத்தரின் சாவது 16இல். மீதியைப் படம் வெட்டியதில், கேத்தரினின் அண்ணன் மகன் ஹேர்ட்டன் படத்தில் பிறக்கவே இல்லை.

கேத்தரினின் அப்பா எடுத்து வளர்த்த சிறுவன் ஹீத்கிளிஃபின் படிப்பை நிறுத்தி வேலைக்கு விரட்டியவன் அவள் அண்ணன் ஹிண்ட்லி. அவன் செத்ததும் அவன் பிள்ளை ஹேர்ட்டனை ஹீத்கிளிஃப் மேசைமேல் தூக்கி நிறுத்துகிறான். அதே காற்று முறுக்கினால் இந்த மரமும் கோணலாக வளராதா, பார்ப்போம் என்கிறான். அடி உதை இல்லை. எழுத்தை மட்டும் கண்ணில் காட்டவில்லை.

வுதரிங் ஹைட்ஸ் என்கிற அந்தக் குடும்பத்து வீட்டு வாசல்மேல் ‘ஹேர்ட்டன் எர்ன்ஷா’ என்று 1500ஆம் ஆண்டோடு செதுக்கியிருக்கிறது. முன்னோர் பெயர், அதுவே இவன் பெயர். இருபது வயது கடந்தவன் அதற்குக் கீழே நின்று வாசிக்கத் தெரியாது என்கிறான். பிறகு தானாகவே தட்டுத்தடுமாறிக் கற்று, இப்போது வாசிப்பேன் என்று செத்த கேத்தரினின் மகள், சின்ன கேத்தரினிடம் வந்து சொல்கிறான். அந்த எண்கள்? அது இன்னும் தெரியாது. அவள் சிரித்துவிடுகிறாள். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைக்கும். உங்களுக்கு அது இழுவையா?

அதே பெண்தான் பிற்பாடு ஒரு புத்தகத்தை வெள்ளைத்தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, ‘திரு. ஹேர்ட்டன் எர்ன்ஷா’ என்று எழுதிக் கொடுத்தனுப்புகிறாள். சொல்லிக்கொடுக்கவும் உட்காருகிறாள். ஹீத்கிளிஃப் அதைப் பார்க்கிறான். பையன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பேசாமல் திருப்பிக் கொடுக்கிறான். எர்ன்ஷா, கேத்தரின் வாழ்க்கைப்பட்ட லிண்டன் என்று இரண்டு குடும்பங்களையும் தரைமட்டமாக்கத் துடித்தவனுக்கு இனி கையை ஓங்கவே மனமில்லை. இதையெல்லாம் வெட்டினால் அவன் வெறும் காதல் தோல்விக்காரன். அவன் ஒரு பிள்ளைக்குச் செய்த கொடுமை கணக்கிலேயே வராது.

மகளிடம் நாவலைக் கொடுங்கள். 17ஆம் அத்தியாயத்திலிருந்து நீங்களும் கூட உட்கார்ந்து மறுபடி படியுங்கள், இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை பகலில். அப்புறம் எழுதுங்கள்.