கனெக்டிகட் உயில் நீதிமன்றங்களில் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

இறந்தவர் சொத்துக்கான வரிப் படிவங்களைப் பார்க்கும் நீதிமன்ற ஆட்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் கனெக்டிகட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து வரி விதிக்கப்படாத அளவில் இருந்தாலும் வாரிசுகள் உயில் நீதிமன்றத்தில் (உயில், இறந்தவர் சொத்து, காப்பாளர் நியமனம் போன்றவற்றைப் பார்க்கும் நீதிமன்றம்) படிவம் கொடுத்தாக வேண்டும், சொத்து மதிப்பை வைத்துத்தான் நீதிமன்றக் கட்டணமும். முன்பு 117 நீதிமன்றங்கள் இருந்தன, நீதிபதியின் வருமானம் அவரவர் நீதிமன்றம் வசூலித்த கட்டணத்திலிருந்தே வந்தது. பணக்கார ஊரில் சரி, ஏழை ஊரில்? காப்பாளர் நியமனம், மனநல வழக்கு என்று வேலை குவியும், காசு வராது. பெரிய அநியாயம் அது. 2011 ஜனவரியில் 54 ஆகக் குறைத்தார்கள், மக்கள்தொகை, வேலைப்பளு பார்த்துச் சம்பளம் என்றானது. அப்புறம் 2015இல் இந்த நீதிமன்றங்களுக்கான அரசு நிதி வெட்டப்பட, கட்டணம் உச்சவரம்பே இல்லாமல் ஏறியது, மறு ஆண்டு 40,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அலுவலக இடம் மட்டும் இன்றும் ஊர் நிர்வாகத்தின் பொறுப்புதான்.