வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே மலையேறிய சைக்கிள் வீரர்களை எப்படி ஒப்பிடுவது?

நிமிடங்களை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முதலில், இரு நேரங்களும் ஒரே இடத்திலிருந்து அளக்கப்பட்டவையா என்று பாருங்கள். பிரான்சின் ஆல்ப் தூயெஸ் மலையேற்றத்தில் பழைய கணக்குகள் குழம்புவது இதனால்தான்.

அடுத்து, ஏறிய உயரத்தை நேரத்தால் வகுங்கள். 40 நிமிடத்தில் 1,100 மீட்டர் என்றால் ஏறுவேகம் மணிக்கு 1,650 மீட்டர். அதைச் சரிவு விழுக்காட்டின் பத்து மடங்குடன் 200 கூட்டி வகுத்தால் வீரர் தன் உடல் எடையில் கிலோவுக்கு எத்தனை வாட் திறன் செலுத்தினார் என்பது தோராயமாகக் கிடைக்கும்: 8% சரிவில் 5.9, 10% சரிவில் 5.5. ஒரே ஏறுவேகத்துக்குச் செங்குத்தான மலையில் குறைந்த வாட் போதும், ஏனென்றால் காற்றை எதிர்க்க வீணாவது குறைவு.

இந்தச் சூத்திரத்துக்குக் காற்று வீசும் திசை தெரியாது. சக வீரரின் பின்னால் காற்று மறைவில் ஒட்டி ஏறியதும் தெரியாது. ஸ்பெயினின் ஆங்லிரூ மலையில் 20% தாண்டும் பகுதிகளில் வேகம் மிகக் குறைவு என்பதால் அந்த மறைவுக்குப் பலன் மிகக் குறைவு. அங்கே நேரங்களின் ஒப்பீடு கூடுதல் நம்பகமானது. ஒப்பிடும் மலைக்கு முன் அன்று வேறு எத்தனை மலை ஏறினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.