தாத்தா விட்டுப்போன, போல்ட்டிலும் குழாயிலும் மரை போடும் பழைய டைகளில் உள்ள எண்களையும் எழுத்துகளையும் எப்படிப் படிப்பது?

நீங்கள் கோலாலம்பூரின் செந்தூல் என்கிறீர்கள், தாத்தா கம்பிச்சடக்கு (ரயில்வே) பட்டறையில் ஃபிட்டர் என்கிறீர்கள். அவருடைய தகரப் பெட்டியில் '3/8 டபிள்யூ', '1/4 பி.எஸ்.எஃப். 26', '0 பி.ஏ.', '1/2 பி.எஸ்.பி.' என்று பொறித்த வட்ட டைகளும், '303 பிரிட்' என்று ஒரு நீள உருளையும் இருந்தால் அதிசயமில்லை. செகாம்புட்டில் லேத்துப் பட்டறை நடத்தும் எனக்கு இப்படிப்பட்ட பெட்டிகள் பழகிப்போனவை.

பி.ஏ., பி.எஸ்.பி. தவிர மற்றவற்றில் முதல் எண் போல்ட்டின் விட்டம், அங்குலக் கணக்கில். அதன் பக்கத்தில் முழு எண்ணாக 16, 26 என்று வந்தால் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை என்று அர்த்தம். சில டைகளில் 1 5/16 என்று தனியாக இருக்கும். அது டையின் வெளிவிட்டம், எந்தக் கைப்பிடியில் உட்காரும் என்பதற்காக. எல்.எச். என்றிருந்தால் இடது மரை. எச்.எஸ்.எஸ். என்றால் ஹைஸ்பீட் ஸ்டீல். அது இல்லாத பழையவை பெரும்பாலும் சாதாரண கார்பன் எஃகு. கையால் மரை போட அதுவே போதும். ஆனால் கிரைண்டரில் நீலம் பாயும்வரை சூடேற்றினால் கடினம் போய்விடும், அப்புறம் பேப்பர் வெயிட்டாகத்தான் வைக்க வேண்டும்.

எழுத்துகளில்தான் குழப்பம். டபிள்யூ என்பது விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் 1841இல் வகுத்த அளவு. மரையின் கோணம் 55 டிகிரி, முகடும் பள்ளமும் உருண்டிருக்கும். பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) அதே கோணத்தில் நெருக்கமான மரை. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்க அளவான யு.என்.சி. (யுனிஃபைட் கோர்ஸ்) 60 டிகிரி. 3/8 அங்குலத்தில் விட்வொர்த்துக்கும் 16 மரை, யு.என்.சி.க்கும் 16 மரை. அதனால் நட்டு ஏறிவிடும், ஏறியதும் "சரியாகத்தான் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். கோணம் ஒத்துப்போகாததால் மரையின் பக்கங்கள் முழுசாகப் பதியாது. பாரம் தாங்கும் இடத்தில் இது ஆபத்து. அரை அங்குலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. விட்வொர்த்துக்கு 12, யு.என்.சி.க்கு 13. இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நின்றுவிடும்.

பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) வரிசையில் எண் ஏற ஏற திருகாணி சிறுக்கும். மின்கருவிகள், மீட்டர்கள் போன்றவற்றுக்கான அளவு அது. அங்குல நாட்டில் பிறந்தும் மில்லிமீட்டர் கணக்கு: 0 பி.ஏ. 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. மரை இடைவெளி. இன்றைய எம்6 போல்ட்டும் அதே 6, அதே 1. கோணம் மட்டும் 47½ டிகிரி. உங்கள் பெட்டியில் மிகக் கவனமாக ஒதுக்கி வைக்க வேண்டியது இந்த டைதான் என்பேன். எம்6 என்று நினைத்துப் பயன்படுத்திவிட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் பைப்) குழாய் மரை. அதில் 1/2 என்றிருப்பதை அளந்து பார்த்தால் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மி.மீ. வரும். தவறு இல்லை, அந்த அரை அங்குலம் பழைய இரும்புக் குழாயின் உள்துளையை வைத்துச் சொன்ன பெயர். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்களில் இன்றும் இதே மரைதான், அதனால் இந்த ஒன்றை விற்காதீர்கள்.

எழுத்து தேய்ந்திருந்தால் டையையே உற்றுப் பார்த்துக் கொண்டிருப்பதில் பயனில்லை. மென்மையான பித்தளைக் கம்பியில் கொஞ்சம் மரை போட்டு, அதன்மேல் பிட்ச் கேஜின் (மரையை ஒப்பிட்டுப் பார்க்கும் பல்தகடுகள்) தகட்டை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 55 டிகிரித் தகடு 60 டிகிரி மரையில் உட்கார்ந்தால் ஓரத்தில் மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். துருவை எடுக்க மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷும் போதும். எமரித்தாள் வேண்டாம், எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கோழிக்கால் மாதிரி அம்புக்குறி எதிலாவது இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்ற முத்திரை. எஃப்.எம்.எஸ்.ஆர். என்றிருந்தால் நம் பழைய ரயில்வே, ஐக்கிய மலாய் மாநில ரயில்வே. சேகரிப்பவர்கள் இவற்றுக்குக் கூடுதல் வெள்ளி கொடுப்பார்கள், வேலைக்கு அதனால் கூடுதல் பயன் ஒன்றும் இல்லை.

அந்த '303 பிரிட்' உருளை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் .303 தோட்டாவுக்கானது, சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் திரும்பப் பழைய அளவுக்கு அழுத்தும் டை. வெளிப்பக்க மரை அங்குலத்துக்கு 14, விட்டம் 7/8 அங்குலம் என்று வந்தால் அது கூட்டை அழுத்தும் கை இயந்திரத்தில் (பிரஸ்) பொருத்தப் போட்ட மரை. 'எஃப்.எல்.' என்று கூட இருந்தால் கூட்டின் முழு நீளத்தையும் அழுத்துவது. இதை வைத்து எந்த மரையும் போட முடியாது. மலேசியாவில் ஆயுதங்களும் தோட்டாக்களும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குக் கீழே வருகின்றன, விளையாட்டான விஷயம் இல்லை. படம் எடுத்து விற்பனைக்குப் போடும் முன், பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.