தாங்கல் கரைசல்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: டிரிஸ் கரைசலை பி.எச். (அமில-கார அளவு) 8.0 என்று அளந்துதான் வைத்தேன். குளிர் அறையில் புரதப் பிரிப்பு சொதப்பிவிட்டது. மீட்டர் பழுதா?

பதில்: மீட்டர் பாவம், அதை விட்டுவிடுங்கள். டிரிஸ் ஒரு தாங்கல் பொருள், பி.எச். எளிதில் மாறாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. ஆனால் குளிருக்கு மசிகிற சரக்கு. ஒரு டிகிரி குறைந்தால் பி.எச். ஏறத்தாழ 0.03 ஏறும். 25 டிகிரியில் 8.0 ஆக்கிய கரைசல் 4 டிகிரியில் 8.6ஐ எட்டும், 37 டிகிரியில் 7.7 அளவுக்கு இறங்கும். மீட்டரிலுள்ள வெப்பநிலைத் திருத்தம் மின்முனைக்குத்தான். கரைசலின் வேதியியலை அது மாற்றாது. எந்தக் குளிரில் வேலையோ அந்தக் குளிரிலேயே அளவைச் சரிசெய்யுங்கள். இன்னொன்று: ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றியதும் பீக்கர் வெதுவெதுப்பாகும், தொட்டாலே தெரியும். அது ஆறுமுன் எடுத்த அளவு செல்லாது. வெப்பநிலை எழுதாத டிரிஸ் புட்டியை நான் தொடுவதே இல்லை.

கேள்வி: ஈ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் பொருள்) தண்ணீரில் ஒரு மணி நேரமாகச் சுழல்கிறது. கரையவில்லை.

பதில்: விடிய விடியச் சுழற்றினாலும் கரையாது. 0.5 மோலார் அளவில் அதன் இருசோடிய உப்பு, பி.எச். 8ஐ நெருங்கினால்தான் கரையும். சோடியம் ஹைட்ராக்சைடைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். லிட்டருக்கு 20 கிராம் வரை பிடிக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் போலக் கலங்கி நின்றது ஒரு கட்டத்தில் மளமளவென்று தெளியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

கேள்வி: மேசையில் வைத்த செல் வளர்ப்பு ஊடகம் கருஞ்சிவப்பாகிவிட்டது. கிருமித் தொற்றா?

பதில்: பாக்டீரியா பெருகினால் பெரும்பாலும் மஞ்சளாகும். இது காரம் ஏறியதன் நிறம். ஊடகத்தின் பி.எச்.ஐத் தாங்குவது பைகார்பனேட், அதற்கு ஜோடி இன்குபேட்டரில் உள்ள கரியமில வாயு. இன்குபேட்டரை விட்டு வெளியே வந்தால் வாயு கழன்றுகொள்ளும், ஊடகத்திலுள்ள ஃபீனால் ரெட் என்ற நிறங்காட்டி அதைக் காட்டிக்கொடுக்கும். திரும்ப உள்ளே வைத்தால் நிறம் மீளும். டி.எம்.ஈ.எம். என்ற பரவலான செல் வளர்ப்பு ஊடகத்தில் வழக்கமாக லிட்டருக்கு 3.7 கிராம் பைகார்பனேட் உண்டு. அது 10 சதவீத வாயுவுக்கான கணக்கு. நாமெல்லாம் 5 சதவீதத்தில் வைத்துவிட்டு, ஏன் சற்றுக் காரமாக நிற்கிறது என்று கேட்கிறோம்!

கேள்வி: அப்படியானால் ஹெப்பெஸ் (கரியமில வாயுவை நம்பாத தாங்கல் பொருள்) சேர்க்கலாமா?

பதில்: 10 முதல் 25 மில்லிமோலார் வரை சேர்க்கலாம். ஆனால் ஊடகத்தை வெளிச்சத்தில் வைக்காதீர்கள். ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) இருந்தால் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகி செல்களைத் தாக்கும்.

கேள்வி: புரதத்தை சோடியம் பாஸ்பேட் கரைசலில் உறையவைக்கலாமா?

பதில்: வேண்டாம். உறையும்போது இருசோடிய பாஸ்பேட் முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும். மிச்சமிருக்கும் திரவம் அமிலமாகும். நடுநிலையில் தொடங்கிய கரைசல் பி.எச். 4 அளவுக்குக்கூட இறங்கலாம். உருகியபின் அளந்தால் பழைய எண்ணே காட்டும், புரதம் மட்டும் திரிந்து கிடக்கும். ஹெப்பெஸுக்கு மாற்றிவிட்டு உறையவையுங்கள்.