சுண்டுவிரல் மரத்துப்போகிறது: ஸ்டெம்மை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு வயது 44, வேளச்சேரி. ஆறு மாதமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் இரண்டு மணி நேரம் போவேன். முக்கால் மணி நேரம் தாண்டியதும் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடுகின்றன, கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் என்ற துண்டு என் வண்டியில் 110 மி.மீ. நீளம். கூட ஓட்டுகிறவர்கள் 80 வாங்கிப் போடச் சொல்கிறார்கள். ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இது நரம்புக் கோளாறா, ஸ்டெம் கோளாறா?

பதில்: எந்த விரல் மரக்கிறது என்று சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் அதை ஒட்டிய பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்னார் நரம்பு. மணிக்கட்டில், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிமேட்டுக்குள், கயான் சுரங்கம் என்ற குறுகிய வழியாக அது நுழைகிறது. ஹூட்டின் (பிரேக் லீவருக்கு மேலுள்ள ரப்பர் பிடி) மேல் அந்த மேடு அழுந்தியபடி மணிக்கட்டு பின்னால் மடங்கியிருந்தால் நரம்பு நசுங்கும். சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் இது பழகிய கதைதான். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்தால் அது மீடியன் நரம்பு. அந்தக் கணக்கு வேறு.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விரல் மரக்கும்போது புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அந்தத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே ஹேண்டில்பார் அழுத்தத்தால் வந்த மரப்பில் புறங்கை நன்றாகவே இருக்கும். புறங்கையும் மரத்தால் சந்தேகம் முழங்கைக்குப் போகிறது. முன்கையின் உட்புறமும் சேர்ந்து மரத்தால் கழுத்துக்கு. அப்படியிருந்தால் எந்த ஸ்டெம்மும் உதவாது, நேரில் காட்டுங்கள்.

புறங்கை சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வண்டிக்கு வருவோம். ஸ்டெம்மைத் தொடும் முன் சீட்டைப் பாருங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், அதைத் தடுத்து நிறுத்தும் வேலை உள்ளங்கைக்கு வந்துவிடும். மட்டப்பலகை வைத்துச் சமமாக்குங்கள். கைக்கு எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளியிருந்தால் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள்; முன்னால் தள்ளினால் கையில் பாரம் கூடும், குறையாது. அடுத்து ஹூட். அதைப் பிடித்திருக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தால் முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வரவேண்டும். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை காற்று அடிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். அந்த அதிர்வெல்லாம் நேராக மணிக்கட்டுக்குத்தான் வரும்.

இதையெல்லாம் செய்தும் மரத்தால் ஸ்டெம்மைப் பார்க்கலாம். உங்கள் நண்பர்கள் சொல்லும் 80-இல் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டெம் நீளம் என்பது ஸ்டியரர் குழாயின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் குழாய்) நடுவிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை. ஸ்டியரர் பின்னால் சாய்ந்திருப்பதால் (ரோடு பைக்கில் ஏறக்குறைய 73 டிகிரி), கழித்தல் 6 டிகிரி ஸ்டெம்கூட (ஸ்டியரருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 6 டிகிரி கீழே சாய்ந்தது) தரையை வைத்துப் பார்த்தால் 11 டிகிரி மேல்நோக்கியே நிற்கும். அதனால் அதே கோணத்தில் 110-க்குப் பதில் 80 போட்டால் ஹேண்டில்பார் 3 செ.மீ. அருகே வரும், ஆனால் 6 மி.மீ. தாழ்ந்தும் போகும். கழுத்து பிடிக்கிறவருக்கு இது வேண்டாத பக்கம். ஹேண்டில்பார் தாழ்ந்தால் பாதை தெரியத் தலையை இன்னும் நிமிர்த்த வேண்டும். 3 செ.மீ. ஒரே தாவலாகக் குறைந்தால் லேசாகத் திருப்பினாலே வண்டி வெடுக்கென்று திரும்பும். கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கிற சாலையில் அது பயமாகத்தான் இருக்கும்.

காசு செலவில்லாத வழி, இருக்கிற ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாகப் போடுவது. உங்கள் 110 மி.மீ. ஸ்டெம் கழித்தல் 6 டிகிரி என்றால் (பக்கவாட்டில் எழுதியிருக்கும்) திருப்பிப் போட்டதும் பார் சுமார் 22 மி.மீ. உயரும், 7 மி.மீ. அருகிலும் வரும். பார்க்க அழகில்லை என்பார்கள், பொருட்படுத்த வேண்டாம். மூன்று ஞாயிறு அப்படி ஓட்டிப் பாருங்கள். கழுத்து சரியாகி, எட்டிப் பிடிக்கிற உணர்வு மட்டும் மீதியிருந்தால் 100, அதன்பின் 90. ஒவ்வொரு முறையும் 10 மி.மீ. போதும். முடிந்தால் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் காசு போடுங்கள். 80-க்குக் கீழே போகவேண்டி வந்தால் ஃபிரேமே உங்களுக்குப் பெரிது என்று பொருள்.

வாங்கும்போது இரண்டு விட்டங்கள் பொருந்த வேண்டும். ஸ்டியரர் பக்கம் பெரும்பாலும் 28.6 மி.மீ., ஹேண்டில்பார் பக்கம் இப்போதைய வண்டிகளில் 31.8; பழைய வண்டிகளில் 26.0 அல்லது 25.4 இருக்கும். 31.8 ஸ்டெம்மில் 26 பாரைத் தகடு வைத்து இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் ஒரே துண்டாக, கேபிள் உள்ளே ஓடுகிற வண்டியென்றால் நீங்களே கைவைக்க வேண்டாம்.

மாட்டும் வேலைக்குப் பெரும்பாலும் 4 மி.மீ. ஆலன் கீ போதும், கூடவே இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். ஃபேஸ்பிளேட்டைக் (ஹேண்டில்பாரை முன்னாலிருந்து பிடிக்கும் தகடு) கழற்றி பாரைத் தொங்கவிடுங்கள், பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், மேல்மூடியை எடுத்து ஸ்டெம்மை உருவுங்கள். ஃபோர்க் நழுவிவிடாமல் ஒரு கை பிடித்திருக்கட்டும். திருப்பிப் போட்டபின் ஸ்டியரரின் நுனி, ஸ்டெம் அல்லது மேல் ஸ்பேசரின் (ஸ்டியரரில் மாட்டும் இடைவளையம்) விளிம்புக்கு 2-3 மி.மீ. கீழே இருக்கவேண்டும். சமமாக நின்றால் மேல்மூடி ஸ்டியரரிலேயே முட்டிக்கொண்டு, பேரிங்கை அழுத்தாமல் போய்விடும். மேல்மூடி ஸ்டெம்மைப் பிடித்து வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஹெட்செட்டின் (ஸ்டியரர் சுழலும் பேரிங் தொகுதி) ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டுமே. ஆகவே முதலில் மேல்மூடியை ஆட்டம் போகும் வரை மெதுவாக, பிறகு முன்சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மைப் பார்த்துவைத்து, பக்கவாட்டு போல்ட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். கடைசியில் ஃபேஸ்பிளேட்டின் நான்கு போல்ட்டுகள் குறுக்காக, மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவாக. எத்தனை நியூட்டன் மீட்டர் என்று ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5. கார்பன் பாரோ ஸ்டியரரோ என்றால் கிரீஸ் கூடாது, கார்பன் பேஸ்ட் தடவுங்கள்.

ஓட்டும் முன் இரண்டு சோதனை. முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் 'டொக்' என்று அசையக்கூடாது. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் வைத்து பாரைத் திருகினால் ஸ்டெம் சுழலக்கூடாது. பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, உயர்த்தியதால் பிரேக் கேபிள் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். ஹூட்டின் கோணமும் மாறியிருக்கும், மறுபடி சரிசெய்யுங்கள். நம் ஊர் உப்புக்காற்றோடு நெற்றி வியர்வையும் ஸ்டெம் மேலேயே சொட்டுவதால் போல்ட் துருப்பிடித்து இறுகிவிடும். ஓட்டி வந்ததும் துடைத்துவிடுங்கள்.

ஓட்டும்போது ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையின் இடத்தை மாற்றுங்கள்: ஹூட், மேல்பகுதி, டிராப் (ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதி). முழங்கை சற்று மடங்கியே இருக்கட்டும்.

உங்கள் சர்க்கரைக்கு வருகிறேன். சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு லேசான அழுத்தத்துக்கே எளிதில் பாதிப்படையும். மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதுவும் மரப்பைத் தரும். ஆகவே எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), பி12 இரண்டையும் இந்த வாரமே பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கால் பாதமும் மரத்தால் சைக்கிளைக் குற்றம் சொல்ல முடியாது.

ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலின் பக்கத்துக்கும் நடுவில் பிடித்து, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமல் பிடிக்கக் கட்டைவிரல் நுனி மடங்கினால் அல்னார் நரம்பு இயக்கும் தசை பலவீனமாகியிருக்கிறது. அந்த இரு விரல்களுக்கும் இடையிலுள்ள சதை குழிந்தாலும், ஓட்டாமலேயே இரண்டு வாரத்துக்கு மேல் மரப்பு நீடித்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் போய் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யுங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது. இரண்டு கையும் மரத்து, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறி, நடையும் தள்ளாடினால் கழுத்தில் தண்டுவடம் அழுந்துகிறதோ என்று பார்க்கவேண்டும். அதற்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போகவேண்டும்.